கொல்லாமல் விட்ட இருபது எலிகள்

எலியைக் கொல்ல எனக்கு மூன்று விநாடி போதும். கழுத்தின் பின்னால் இரண்டு விரலை அழுத்தி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. சின்னதாக ஒரு 'டொக்'. உடனே நெஞ்சைக் கிழித்து, இன்னும் துடிக்கிற இதயத்தை வெட்டியெடுத்து, குளிர்ந்த உப்புநீரில் அலசி, திரவ நைட்ரஜனில் போட வேண்டும். பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. அண்ணன் என்னை எலிக்கொல்லி என்றுதான் கூப்பிடுவான்.

அவன் லாரியில் மூட்டை ஏற்றியவன். எங்கள் வீட்டில் பாசத்தையும் கையால்தான் காட்டுவோம். எனக்குப் பன்னிரண்டு வயதில் அவன் விட்ட ஒரு குத்தில் என் கடைவாய்ப்பல் போனது. பதிலுக்கு அவன் புருவத்தை நான் செங்கல்லால் பிளந்தேன். அப்படிப்பட்டவன் போன வருடம் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டான். அப்பாவை நாற்பத்திரண்டு வயதில் கொண்டுபோன அதே நோய்.

இதயச் செல்லுக்குள் புரதங்கள் உழைத்து உழைத்துக் கெட்டுப்போகும். செல் அவற்றைப் பையில் கட்டி, கரைத்து அழிக்கும் இடத்துக்கு அனுப்பிவிடும். எங்கள் குடும்பத்து இதயத்தில் அந்தக் குப்பை போவதில்லை. உள்ளேயே கட்டிதட்டி, தசையை நசுக்குகிறது.

எங்கள் ஆய்வகத்து மருந்து குப்பையை வேகமாக அள்ளும் என்று ஆய்வகத்தை நடத்தும் மேடம் நம்பினார். மருந்து கொடுத்த எலிகளின் இதயத்தில் பைகள் ஏராளம். ஆனால் தெருவில் குப்பை வண்டிகள் வரிசையாக நின்றால் வேலை மும்முரம் என்றும் சொல்லலாம், கொட்டுகிற கிடங்கு பூட்டிக் கிடக்கிறது என்றும் சொல்லலாம். எது என்று அறிய இன்னும் இருபது எலிகளுக்கு, மருந்தோடு, கிடங்கைப் பூட்டுகிற ஊசியும் போட்டுக் கொல்ல வேண்டும். பைகள் இன்னும் கூடினால் மருந்து நல்லது. கூடாவிட்டால் மருந்தே கிடங்கைப் பூட்டிவிட்டது என்று அர்த்தம்.

அந்த இருபதை நான் கொல்லவில்லை. மருந்து கொடுத்து முடிக்கவே ஆறு வாரம் ஆகும். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் பட்டியல் அந்த மாதமே மூடப்போகிறது, அண்ணனுக்கோ மூச்சு முட்டுகிறது. புது எலிகளின் இதயச் சாறு என்று சொல்லி, சோதனையில் பழைய சாற்றையே இரண்டு மடங்கு ஊற்றினேன். சோதனைத் தாளில் பைகளின் அளவைக் காட்டும் கோடு கன்னங்கரேலென்று வந்தது. மேடம் முதுகில் தட்டிக்கொடுத்தார். "வேணாம்டா" என்று முரண்டுபிடித்த அண்ணனைச் சட்டையைப் பிடித்து உலுக்கி, பட்டியலில் சேரக் கையெழுத்துப் போடவைத்தவனும் நான்தான்.

அப்புறம் தூக்கம் போனது. யாருக்கும் சொல்லாமல் இருபது எலிகளுக்கு ஆறு வாரம் மருந்து கொடுத்து, ஊசியும் போட்டு, திங்கட்கிழமை கொன்றேன். புதன்கிழமை காலை கோடுகள் தெரிந்தன. பைகள் கூடவே இல்லை. கிடங்கு பூட்டித்தான் கிடந்தது.

பத்து மணிக்கு அண்ணனுக்கு முதல் டோஸ். மேடத்தின் போன் அணைந்திருந்தது. கடிகாரம் பத்து ஐந்து காட்டியது. கையுறையைக்கூடக் கழற்றாமல் எதிரே இருந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு ஓடினேன். தடுத்த காவலாளியை முழங்கையால் இடித்துத் தள்ளினேன். இரண்டாவது மாடியில் அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தான். மருந்து சொட்டத் தொடங்கியிருந்தது.

ஊசியைப் பிடித்து இழுத்தேன். அவன் கையிலிருந்து ரத்தம் சுவரில் தெறித்தது. அண்ணி அலறினாள்.

"பைத்தியமாடா உனக்கு?" அண்ணன் எழுந்துவிட்டான்.

"இது வேணாம்ணா. இது உன்னைக் கொன்னுடும்."

"நீதானடா கையெழுத்துப் போட வச்ச! நான் பொழைக்கிறது பொறுக்கலையா உனக்கு?"

மருந்துப் பையைத் தரையில் அடித்து மிதித்தேன். அவன் என் தாடையில் குத்தினான். மூட்டை தூக்கிய காலத்துக் குத்து. வாயெல்லாம் ரத்தம். நானும் அவன் தோளைப் பிடித்துக் கட்டிலில் தள்ளினேன். அவன் மறுபடி கை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. கண் மேலே செருக, மல்லாந்து விழுந்தான். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு கிறுக்க ஆரம்பித்தது.

"யாராவது நெஞ்சை அழுத்துங்க!" என்று கத்திவிட்டு நர்ஸ் ஷாக் கொடுக்கும் மெஷினுக்கு ஓடினாள். நான் கட்டிலில் ஏறினேன். இரண்டு கையையும் கோத்து, என் முழு எடையையும் போட்டுக் குத்தினேன். நாலாவது குத்தில் விலா எலும்பு முறிந்தது. அந்த 'டொக்' எனக்கு நன்றாகப் பழகிய சத்தம். நிறுத்தவில்லை. இன்னொன்றும் முறிந்தது. நர்ஸ் என்னைத் தள்ளிவிட்டு ஷாக் கொடுத்தாள். அவன் உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவது ஷாக்கில் திரையில் கோடு ஒழுங்காகக் குதித்தது.

மறுநாள் மதியம்தான் அவன் பேசினான்.

"எலும்பை ஒடிச்சிட்டியேடா, எலிக்கொல்லி."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்கெனவே காலையில் மேடத்திடமும் சொல்லியிருந்தேன். மருந்து நின்றுவிட்டது, என் வேலையும் போய்விட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த இருபதைக் கொல்லாம விட்டது சோம்பேறித்தனமா?" என்றான் அண்ணன்.

"இல்லண்ணா. லிஸ்ட்டை மூடிட்டா நீ செத்துடுவியோன்னு பயம்."

"இப்ப வேற மருந்து இருக்கா?"

"இல்லண்ணா."

"கிட்ட வா" என்றான்.

குனிந்தேன். பல் போன பக்கத்துக் கன்னத்தைக் காட்டினேன். அவன் கை மேலே வருவதற்கே வெகுநேரம் ஆனது. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டேன். கை என் தாடையில் பட்டது, அப்படியே நழுவிப் போர்வையில் விழுந்தது.

அவன் தன் கையையே பார்த்தான். "அவ்வளவுதான்டா வருது" என்றான்.

என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கையை எடுத்து என் கன்னத்தில் நானே அடித்துக்கொண்டேன். அண்ணி வந்து பிடிக்கும் வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.