ஆண் பூ கிள்ளுகிறவள்

காலை ஏழு மணிக்கு நோரீன் தன் கணவனின் சக்கர நாற்காலியைப் பின்வாசலுக்குத் தள்ளிவந்து, வெள்ளரிப் பந்தலைப் பார்த்தாற்போல் நிறுத்துவாள். அவன் தொப்பியைச் சரிசெய்வாள். பிறகு பந்தலுக்குப் போய், அவன் கண்ணெதிரே ஆண் பூக்களை ஒன்றுவிடாமல் கிள்ளி எறிவாள்.

வெள்ளரியின் பெண் பூவுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். ஆனால் ஆண் பூ இல்லாவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சூம்பி விழுந்துவிடும். இதை நோரீனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவள் கணவன் டெஸ்மண்டேதான். சொல்லிக்கொடுத்தான் என்பதுகூடத் தப்பு, திட்டித் திட்டிப் புகட்டினான். இப்போது வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய், இடக்கை ஒன்றுதான் அவனுக்கு மிச்சம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு ஏவிஸ் உருகுவாள்.

"அவன் செடிக்காக தினமும் எப்படிப் பாடுபடுற. நீ மகராசிடி. பாரு, இந்த மார்ச்சுலயும் நீல ரிப்பன் உங்க வீட்டுக்குத்தான்."

"பாப்போம் ஏவிஸ். அவன் உசுரே அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கு."

அது நிஜம். ஊர்க் கண்காட்சியில் ஒரே அளவு, ஒரே நிறத்தில் மூன்று வெள்ளரிக்காயை ஒரு தட்டில் வைக்க வேண்டும். முதல் பரிசான நீல ரிப்பனை டெஸ்மண்ட் பத்தொன்பது முறை ஜெயித்தவன். இருபதாவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடலாம் என்பதுதான் அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதேபோல ஒரு பிப்ரவரி வெயிலில், நோரீனின் அம்மா பல்லாரட் ஊர் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். நோரீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருக்கு. நான் ரயில்வேக்குப் போயிட்டா மத்தியானம் யாரு தண்ணி விடுவா? ஒரு நாள் காஞ்சாலும் காய் கசந்துபோயிடும். கிழவி தாங்குவா, போய் பெட்டிய உள்ள வை" என்றான் டெஸ்மண்ட்.

கிழவி தாங்கவில்லை. ரிப்பன் மட்டும் வந்தது. சமையலறையில் அம்மா படம் மாட்டிய ஆணிதான் கைக்கு எட்டியது என்று அதிலேயே அதைத் தொங்கவிட்டான். மனுஷனா அவன்?

அதற்கப்புறம் அவன் வாயைக்கூடச் செலவழிக்கவில்லை. வேலையிலிருந்து வந்து படியில் உட்காருவான், செடியைப் பார்ப்பான், தண்ணீர்க் குழாயை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டுவான். நோரீன் அடுப்பில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவாள்.

இந்த வருஷம் அவள் பூக்களைக் கிள்ளத் தொடங்கிய முதல் நாளே, என்ன செய்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. இடக்கையால் நாற்காலியை அடித்தான்.

"வெயில் உறைக்குதா டெஸ்? தொப்பிய இழுத்து விடட்டா?" என்றாள் தேனொழுக.

தேனீக்கு வேலி தெரியாது. ஏவிஸ் சாலட்டுக்கென்று வைத்திருந்த இரண்டு கொடியிலிருந்து எந்தத் தேனீ மகரந்தம் சுமந்து வந்ததோ, இலைமறைவில் ஒரு காய் பிடித்துவிட்டது. அவன் பார்வை நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றதை வைத்துத்தான் நோரீன் அதைக் கண்டுபிடித்தாள். கிள்ளாமல் விட்டாள். ஒன்று மூன்றாகிவிடாது. ஆசைப்பட்டுக்கொண்டே கிடக்கட்டும் என்று நினைத்தாள். தண்ணீரைக்கூட வேண்டுமென்றே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விட்டாள்.

கண்காட்சி நாளன்று அவனை வழக்கமான இடத்தில் உட்காரவைத்து, முதலில் காயைப் பறித்தாள். பிறகு பந்தலில் இருந்த கொடி முழுவதையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். தெருவில் கார்கள் வரிசையாகக் கண்காட்சித் திடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. காயை வட்டமாக நறுக்கி, உப்பும் வினிகரும் தெளித்துத் தட்டில் எடுத்துவந்து, அவன் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாயத் திற டெஸ். உன் இருபதாவது ரிப்பன். எங்கம்மா பேர சொல்லி முழுங்கு."

அவன் அழுவான் என்று காத்திருந்தாள். அந்த அழுகையைப் பார்க்கத்தான் இத்தனை வாரம் விடிகாலையில் எழுந்தாள்.

அவன் வாயைத் திறந்தான். நிதானமாக மென்றான். கசப்பில் முகத்தைச் சுளித்து, மென்றதை அவள் மடியில் துப்பினான். பிறகு இடக்கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைத் தண்ணீர்க் குழாயை நோக்கி நீட்டினான்.

தட்டு கீழே விழுந்து உடைந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அடுத்து அவளுக்கு நினைவு வந்தபோது குழாயைத் திறந்துவிட்டு, கையில் ரப்பர் குழாயோடு பந்தலடியில் நின்றுகொண்டிருந்தாள். வெறும் மண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பின்னால், பாதி வாயால் அவன் சிரிப்பது கேட்டது.