மீன் முத்திரைச் செங்கல்

செங்குளத்தில் ஒருதலையாகக் காதலிப்பவர்களின் வீட்டிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குச் செங்கற்கள் கிளம்பி, காதலிக்கப்படுபவரின் வீட்டுக்குப் போய்ச் சேரும். சுவரிலிருந்து தாமாகவே கழன்று, ரோட்டின் இடது ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். டவுன் பஸ் நின்று வழிவிடும். காதல் எவ்வளவோ அவ்வளவு செங்கல். இரண்டு பக்கமும் காதல் இருந்தால் செங்கல் அசையாது. செங்கல் அசையாததையெல்லாம் காதல் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் ஊரில் சிலர் உண்டு.

சர்வேயர் தளவாய் அந்தக் கட்சி. அவன் வீட்டிலிருந்து நாளுக்கு ஏழு செங்கல், தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காரும் உலகம்மையின் வீட்டுக்குப் போனது. அப்பா சூளை வைத்திருந்த காலத்தில் கட்டிய வீடு. ஒவ்வொரு செங்கலிலும் மீன் முத்திரை இருக்கும். முதல் ஏழு போய்ச் சேர்ந்த அன்றே உலகம்மை நேரில் வந்துவிட்டாள். பூசி மெழுகுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"சர்வேயர் சார், எனக்கு உங்க மேல அப்படி ஒண்ணும் கிடையாது. இனிமேலும் வராது. நிறுத்திக்கோங்க."

"சரிங்க மேடம்" என்றான் தளவாய். மறுநாளும் ஏழு போனது.

அவனுடைய தைரியத்துக்குக் காரணம் இருந்தது. ஒருநாள் தன் செங்கற்களின் பின்னாலேயே நடந்துபோய், அவள் வீட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். உலகம்மை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, புரட்டிப் புரட்டி நனைத்துக்கொண்டிருந்தாள். நனைக்காத செங்கல் சிமெண்டின் ஈரத்தைக் குடித்துவிடும், சுவர் நிற்காது. இது சித்தாளுக்குக்கூடத் தெரியும். இருபது வருஷம் நிலம் அளந்த தளவாய்க்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும், பிடிக்காதவன் செங்கலை எவளாவது இத்தனை பதமாக நனைப்பாளா என்று நினைத்தான். அன்றோடு அவனுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

மூன்று வருஷத்தில் படுக்கையறை போயிற்று, அடுப்படி போயிற்று. மழை வந்தால் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு மறு கையால் ரசம் கொதிக்க வைத்தான். சுரண்டையிலிருந்து அக்கா வந்தாள். உட்கார நிழல் இல்லாமல் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள்.

"ஏல தளவாய், ஒரே ஒரு நாளு வேற எதையாவது நெனச்சுப் பாருல. நின்னுரும்லா."

அக்காவுக்காக ஒருநாள் முயன்றான். முழுக்க முழுக்கப் புறம்போக்கு நிலங்களையே நினைத்தான். பத்து மணிக்கு ஒரு செங்கலும் அசையவில்லை. அக்கா சாமிக்குக் கும்பிடு போட்டாள். பதினொரு மணிக்கு அவனுக்கு மூச்சு முட்டியது. தபால் ஆபீஸுக்கு ஓடி, உலகம்மையின் கையால் தனக்குத்தானே ஒரு பதிவுத் தபால் அனுப்பிக்கொண்ட பிறகுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது. மறுநாள் பதினாலு போனது.

"செங்கல் தீந்தா அடுத்து நீதாம்ல போவ" என்றாள் அக்கா.

"அதுக்குத்தானக்கா இருக்கேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்றைக்காவது அவள் வீட்டுக்குள் இருக்கப்போகிறான், எந்த வழியாகப் போனால் என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டை வெளியிலிருந்து அளந்தான். அவன் அனுப்பியதற்கு இந்நேரம் மாடி எழும்பியிருக்க வேண்டும். வீடோ மூன்று வருஷத்துக்கு முன்னால் இருந்த அளவிலேயே இருந்தது. நாலு சுவரிலும் மீன் முத்திரைதான். பழைய செங்கல் ஒன்றுகூட இல்லை. உலகம்மை வெளியே வந்தாள்.

"என் வீட்டுலேருந்தும் பத்து மணிக்குப் போவுது சார்."

"யாருக்கு மேடம்?"

"மாவு மில்லு அருமைநாயகத்துக்கு."

"அவரு நனைக்காரா?"

"இல்ல. காஞ்ச கல்லாவே அடுக்கிப் போட்டிருக்காரு." சுவரில் பிதுங்கியிருந்த காய்ந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினாள். "நீங்க நிறுத்துனா எனக்கு வீடு இருக்காது. ஆனாலும் நிறுத்திருங்க. உங்களப் பாத்தா எனக்கு என்னையே பாத்த மாதிரி இருக்கு."

இப்படி ஒரு வார்த்தையை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. தளவாய் வீட்டுக்குப் போய், வரிந்து கட்டிக்கொண்டு அவளை நினைத்தான். முப்பது போயிற்று. மறுநாள் ஐம்பது. அவள் வீட்டுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

கடைசிச் செங்கல் ஒரு வியாழக்கிழமை போயிற்று. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெறும் தரையிலிருந்து தளவாய் எழுந்தான். ரோட்டின் இடது ஓரமாக நடந்தான். டவுன் பஸ் நின்றது. தாலுகா ஆபீஸைத் தாண்டும்போது கால் மரத்தது. அவள் வாசலை அடையும்போது நாலு மூலையும் கச்சிதமான ஒரு செங்கலாக இருந்தான். சர்வேயர் ஆனதால் அதில் அவனுக்குத் திருப்தி.

உலகம்மை அவனைத் தொட்டியில் போட்டுப் புரட்டி நனைத்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. மூன்று வருஷம் காத்திருந்த தண்ணீர் அது. அவன் அழுதான், அதுவும் தொட்டியோடு போயிற்று. தெருவாசல் நிலைக்குப் பக்கத்தில் அவனை வைத்துக் கட்டினாள். பதினோரு நாள் அந்த நிலையைத் தாங்கினான். அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் கிடையாது.

பன்னிரண்டாம் நாள் பத்து மணிக்கு வேறு ஆறு செங்கற்களோடு அவனும் கழன்று மாவு மில்லுக்குப் போனான். அருமைநாயகம் நனைக்கவில்லை. மில்லின் பின்சுவரில் சொருகிவிட்டுப் போய்விட்டார். தளவாய் மேல் கேழ்வரகு மாவு படிந்தது.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் உலகம்மை கோதுமை அரைக்க வந்தாள். அருமைநாயகம் தூக்குவாளியை வாங்கி வரிசையில் வைத்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. மில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் பின்பக்கம் வந்து, தான் அனுப்பிய செங்கற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். தளவாயிடம் வந்ததும் கை நின்றது. மாவைத் துடைத்துவிட்டு அவன் மேல் கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "நாயகம்" என்றாள். தளவாய் அப்படியே இருந்தான். கன்னம் அவள் கன்னம்தானே.

மறுநாள் பத்து மணிக்குத் தளவாயிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு செங்கல் கழன்று, ரோட்டின் இடது ஓரமாகக் கிளம்பியது. டவுன் பஸ் நின்றது. உலகம்மையின் வீட்டில் அதற்குள் தெருவாசல் நிலை மட்டும்தான் மிச்சம். அவள் அந்தச் செங்கலை எடுத்து, தொட்டி வேண்டாமென்று ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, விரலால் புரட்டிப் புரட்டி நனைத்தாள்.