கிணறா விளக்கா

பஞ்சாயத்து போர்டு பியூன் கூட்ட நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டியபோது, செல்லப்பன் ரைஸ்மில்லுக்குக் கிளம்பித் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். பழக்கம் விடவில்லை. தாளை வாங்கியதும், "ஏ மங்கே" என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டான். உள்ளே பாத்திரம் உருண்ட சத்தம் சட்டென்று நின்றது. பியூன் தலையைக் குனிந்துகொண்டான். மங்கை செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

மூன்று வருஷமாக அவனுக்கு வரும் போர்டு தாள்களையெல்லாம் மகள்தான் படித்துச் சொல்வாள். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டித் திணறியவள், ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது ஓட்டமாகப் படித்தாள். ஒரே ஒரு சொல்லில் மட்டும் நின்றுவிடுவாள். "மேற்படின்னா இன்னா நைனா?" அவனுக்கும் தெரியாது. "மேல போட்டுக்கறதுடி" என்பான். அவள் நம்பாமல் அவன் முகத்தையே பார்ப்பாள்.

"நீயே படிச்சி சொல்லிடுப்பா," என்றான் பியூனிடம்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அறுபத்தைந்து அறுபத்தாறாம் வருஷத்து பட்ஜெட் கூட்டம், மெம்பர்கள் தவறாமல் வர வேண்டியது. செல்லப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பியூன் போன பிறகு உள்ளேயிருந்து மனைவி பவுனம்மாள் கேட்டாள்.

"கெணறு வருமா?"

மகள் போனதிலிருந்து அவள் யார் முகத்தையும் பார்த்து எதுவும் கேட்பதில்லை. அடுப்பைப் பார்த்துத்தான் கேட்பாள்.

"கேக்கறேன்."

"போன வருசமுந்தான் கேட்ட. குடுத்தாங்களா?"

அவன் துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

கோட்டைமேடு ஏழு மெம்பர் கொண்ட சின்னப் பஞ்சாயத்து. செஞ்சிக்குப் போகிற சாலையில் நின்றால் ராஜகிரி மலைக்கோட்டையின் உச்சியில் உள்ள கட்டடம் தெரியும்; அவ்வளவு பக்கம். வாரச் சந்தைக் குத்தகையும் வீட்டு வரியும்தான் போர்டுக்கு வருமானம். தலைவர் விருஷபதாஸ் நயினார் சமணர், நெல் மண்டிக்காரர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். யாரையும் 'டா' போட்டுப் பேசமாட்டார். காலனிக்கென்று ஒதுக்கிய ஒரே இடத்துக்குச் செல்லப்பன் போட்டியில்லாமல் வந்திருந்தான். கூட்டத்தில் மற்றவர்கள் மேஜையைச் சுற்றி நாற்காலியில் உட்கார்வார்கள். அவனுக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல். அங்கே உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. வேறெங்காவது உட்கார் என்றும் சொன்னதில்லை.

போன வருஷ பட்ஜெட் கூட்டத்தில்தான் அது நடந்தது. கணக்கெல்லாம் படித்து முடித்த பிறகு நயினார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "செல்லப்பா, ஒங்க காலனிக்கு இந்த வருசம் ஒரு வேலதான் செய்ய முடியும். கெணறும் கேட்டிருக்க, லைட்டும் கேட்டிருக்க. எது வேணும், நீயே சொல்லு."

மெம்பரான இத்தனை வருஷத்தில் 'நீயே சொல்லு' என்று அவனை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் சூடானது. காலனிக்கு ஏரிக்கால்வாய் ஓரத்தில் படி இறங்கித் தண்ணீர் மொள்ளும் பழைய கிணறு ஒன்று இருந்தது. கலங்கல்தான், ஆனால் வற்றாது. விளக்குதான் இல்லவே இல்லை. மேலத்தெருவில் கரண்டு வந்து நாலு வருஷமாகிவிட்டது. இங்கேயிருந்து பார்த்தால் அங்கே வெளிச்சம் ஒரு வேலிபோலத் தெரியும். சிம்னி விளக்கின் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாடம் படிக்கும் மகளை நினைத்தான். "லைட்டு," என்றான்.

காலனிக்குத் திரும்பி, "லைட்டு வாங்கியாந்துட்டேன்" என்று மட்டும் சொன்னான். எது வேண்டும் என்று தன்னைக் கேட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று மறைக்கவில்லை. வாங்கிவந்துவிட்டேன் என்று சொன்னபோது கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஆடி மாதம் மூன்று கம்பம் நட்டார்கள். பெண்கள் கம்பத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். முதல் நாள் பல்பு எரிந்தபோது பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மங்கை அன்றிலிருந்து மூன்றாவது கம்பத்தடியில் கோணியை விரித்து உட்கார்ந்து, கடலை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் உரக்கப் படித்தாள்.

அந்த வருஷம்தான் காலரா வந்தது. இது பழைய காலரா இல்லை, கடல் தாண்டித் தேசம் தேசமாகச் சுற்றிக்கொண்டு வரும் புது தினுசு என்றார் சுகாதார இன்ஸ்பெக்டர். பட்டணத்தில் இருக்கிறது, கடலூரில் இருக்கிறது என்றார்கள். கார்த்திகை மழையில் கால்வாய் பொங்கி, ஊர் அழுக்கெல்லாம் காலனிக் கிணற்றுக்குள் இறங்கியது. மார்கழி கடைசியில் முதல் சாவு. அப்புறம் மூன்று வாரத்தில் ஒன்பது பேர். மங்கை ஏழாவது. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் வயிறு போக ஆரம்பித்தது. மதியத்துக்குள் கண் குழிவிழுந்து, விரல் நுனியெல்லாம் ஊறவைத்ததுபோலச் சுருங்கிவிட்டது. ஊரில் வண்டி கொடுக்க எல்லோரும் பயந்தார்கள். நயினார்தான் தன் மாட்டு வண்டியைப் பூட்டச் சொன்னார். அவர் வீட்டில் எப்போதும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிப்பார்கள். அதில் ஒரு சொம்பு கொடுத்தனுப்பினார். "தண்ணி, நைனா" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். சொம்பு தீர்ந்தபோது செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை. அதன் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். இப்போது காலனிப் பெண்கள் ஒரு மைல் நடந்து, யாரோ இரக்கப்பட்டு விடுகிற பம்ப்செட் தண்ணீரைத் தூக்கி வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை செல்லப்பன் போர்டு ஆபீசுக்குப் போனபோது வாசல் புங்கமரத்தடியில் காலனிப் பெண்கள் இருபது பேருக்குமேல் நின்றிருந்தார்கள். காலிக் குடத்தோடு வந்திருந்தார்கள். யார் கூட்டிவந்தது என்று தெரியவில்லை. பவுனம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே தபாலாபீஸ் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தின்மேல் மாணவர்கள் போன மாதம் பூசிய தார் வெயிலில் இளகி வழிந்திருந்தது. அவன் யாரையும் பார்க்காமல் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

கிளார்க் படிக்க ஆரம்பித்தார். காலராவுக்காகச் சந்தையை இரண்டு மாதம் மூடியதில் குத்தகைக்காரர் பணம் கட்டவில்லை. ஊசி போட வந்தவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவு, பவுடர் செலவு, ஆளில்லாத பிணங்களைப் புதைத்த செலவு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு ஆளில்லை என்பது செல்லப்பனுக்குத் தெரியும். அந்தக் குழியை வெட்டியவர்களில் அவனும் ஒருவன். கடைசியாக, "மேற்படி காரணங்களால் காலனி குடிநீர்க் கிணறு அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று படித்துக் கிளார்க் நிறுத்தினார்.

வெளியே குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நயினார் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கும் மனசு கேக்கல செல்லப்பா. இருந்தா குடுக்கமாட்டமா? பாறை பூமி. ஆள்கூலியே பாதிய முழுங்கிடும்."

செல்லப்பன் எழுந்து நின்றான். இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் அவனாக எழுந்ததில்லை.

"நயினாரே, எங்க தெரு லைட்டு மூணையும் புடுங்கிடுங்க."

யாருக்கும் புரியவில்லை.

"அதுக்குக் கட்டற துட்டு மிச்சம். கூலியும் வேணாம். ஆம்பள பொம்பள எல்லாம் நாங்களே வெட்டிக்கறோம். வெடி வைக்கிற ஆளும், கட்டுக்கல்லும் மட்டும் போர்டு குடுத்தா போதும்."

மேலத்தெரு மெம்பர் பெரியதம்பி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் மனதில் பட்டதை நாக்கில் நிறுத்திவைக்கத் தெரியாதவர். "இன்னாய்யா வெளையாட்டா இது? கம்பம் நட்டு முழுசா ஒரு வருசம் ஆவல. போன வருசம் இதே எடத்துல கெணறா லைட்டான்னு ஒன்னியத்தான கேட்டாங்க? லைட்டுன்னு சொன்னது யாரு?"

"பெரியதம்பி, அத எதுக்கு இப்ப..." என்றார் நயினார்.

ஜன்னலுக்கு வெளியே, அதுவரை குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள், குடத்தை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். செல்லப்பன் ஜன்னலைப் பார்த்தான். கம்பியைப் பிடித்திருந்த பவுனம்மாளின் கை மட்டும் தெரிந்தது. அது இன்னும் இறுகியதா தளர்ந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தால் இனி எழுந்திருக்கவே முடியாது என்றும் தோன்றியது.

"நான்தான் சொன்னேன்," என்றான். குரல் தனக்கே கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை, ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னான். "நான்தான் லைட்டுன்னு சொன்னேன்."

கிளார்க் பேனாவின் முனையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நயினார், செல்லப்பன் சொன்னதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். முதலில் உயர்ந்தது பெரியதம்பியின் கைதான். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி தூக்கினார்.

அவன் வெளியே வந்தபோது பெண்கள் போய்விட்டிருந்தார்கள். குஞ்சம்மாள் மட்டும் நின்றிருந்தாள். ஒன்பது பேரில் அவள் புருஷனும் ஒருவன்.

"நெசமாவே ஒன்னக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேய்யா." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சற்று யோசித்தாள். "கேட்டிருந்தா நாங்களும் லைட்டுன்னுதான் சொல்லியிருப்போம். ஆனா கேட்டிருக்கலாம்."

அவள் போன பிறகு அவன் வெயிலிலேயே நின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அன்றைக்கு வீட்டில் பவுனம்மாள் எதுவும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டு அவன் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். அழுதால் பரவாயில்லை, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தான். அவள் எங்கும் போகவில்லை. வேளாவேளைக்குச் சமைத்தாள், ஒரு மைல் நடந்து தண்ணீர் கொண்டுவந்தாள், அவனுக்குக் குளிக்கவும் எடுத்து வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. ஒரு தடவை, பொழுது விடியும் நேரத்தில், அவன் அவள் முதுகைப் பார்த்து, "எனக்கு இன்னா தெரியும் பவுனு" என்றான். முதுகு அசையவில்லை.

லைன்மேன் ஏணியோடு வந்து மூன்று பல்பையும் கழற்றி, கம்பியை வெட்டிச் சுருட்டி எடுத்துப் போனார். சிலர் செல்லப்பனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் வழக்கம்போலப் பேசினார்கள். வழக்கம்போலப் பேசியவர்களிடம்தான் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பங்குனி பிறந்ததும், கால்வாயை விட்டு எட்டத் தள்ளி, மேட்டில் நயினாரே வந்து இடம் காட்ட, கிணறு வெட்ட ஆரம்பித்தார்கள். ஆண்கள் காலையில் மில்லுக்கும் வயலுக்கும் போவதற்கு முன்னாலும், வந்த பிறகு வெளிச்சம் இருக்கும்வரையும் வெட்டினார்கள். மூன்றடி மண். அதற்குக் கீழே செஞ்சி மலைகளுக்கெல்லாம் வேர் இதுதான் என்பதுபோலக் கரும்பாறை. வெடிக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து துளைபோட்டுத் திரி வைப்பார். எல்லோரும் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்வார்கள். புகை அடங்கியதும் பெண்கள் சும்மாடு வைத்துக்கொண்டு கூடையோடு இறங்குவார்கள். பன்னிரண்டு அடி போயும் கல் உலர்ந்துதான் இருந்தது. உடைந்த கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஈரம் இருக்கிறது என்பார் ஒருவர். இல்லை என்பார் இன்னொருவர். இருபது நாளில் பவுனம்மாள் ஒருநாளும் வரவில்லை. யாரும் செல்லப்பனிடம் ஏன் என்று கேட்கவில்லை.

இருபத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மில் விடுமுறை. செல்லப்பன் குழிக்குள் நின்று சல்லியை மண்வெட்டியால் அள்ளிக் கூடைகளில் போட்டு, ஒவ்வொருத்தி தலைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தான். குனிந்து அள்ளியபோது முன்னால் ஒரு கூடை வந்து விழுந்தது. விளிம்பு பிய்ந்து, சணல் வைத்துத் தைத்த கூடை. அவன் நிமிரவில்லை. அது நிறையும்வரை அள்ளிப்போட்டான். நிறைந்த பிறகும் ஒரு வெட்டு போட்டு, அதிகம் என்று பட்டுக் கையால் எடுத்துவிட்டான்.

"தூக்கி வுடு," என்றாள் பவுனம்மாள்.

அவன் கூடையின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினான். அவள் முழங்காலைக் கொஞ்சம் மடித்து, சும்மாட்டைச் சரிசெய்து, தலையில் வாங்கிக்கொண்டாள். கூடை ஓட்டையிலிருந்து பாறைத்தூள் அவள் நெற்றியிலும் புருவத்திலும் கொட்டியது. கூடையைப் பிடித்திருந்ததால் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு திரும்பி, பக்கவாட்டில் வெட்டிவிட்டிருந்த படியில் ஏறினாள். காலைச் சுவரோரம் ஊன்றி, ஒவ்வொரு படியாக. மேலே போய்க் கல்லைக் கொட்டும் சத்தம் கேட்டது. அவன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, வெறும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் மறுபடியும் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.