முன்னால் போகிற வண்டி

தேவாலயத்து வாசலில் தார் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரெமி கறுப்புக் கோட்டோடு மண்டியிட்டு, தன் பிக்கப் வண்டிக்கு அடியில் பழைய அட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். துருப்பிடிக்காமலிருக்கச் செவ்வாய்க்கிழமை வண்டியடியில் அடித்த எண்ணெய் சனிக்கிழமையும் சொட்டிக்கொண்டிருந்தது. அடித்தவர் உள்ளே பெட்டியில் படுத்திருந்தார்.

"இன்னும் சொட்டுதா?"

அனிக் பின்னால் வந்து நின்றிருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்புவரை அவள் அவன் மனைவி. உள்ளே கிடப்பவர் அவள் அப்பா.

"கொஞ்சம். இந்தத் தடவை ரெண்டு வாட்டி அடிச்சார். கதவு மடிப்புக்குள்ள எல்லாம் குழாயை விட்டார்."

"நெஞ்சு வலியோடயா?"

"வலின்னு ஒண்ணும் சொல்லல. பாட்டு பாடிட்டுத்தான் அடிச்சார்."

அனிக் நழுவியிருந்த ஓர் அட்டையைக் காலால் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

கியூபெக்கில் ஐந்து மாதம் பனி. பனிக்காகச் சாலையில் கொட்டுகிற உப்பு வண்டியை அடியிலிருந்து தின்றுவிடும். அந்த உப்பைக் கொட்டுவதே ஊராட்சியில் ரெமியின் வேலை. "ராத்திரி பூரா நீ கொட்டு, நான் ஒவ்வொரு வருஷமும் தடவிட்டே இருக்கேன். நல்ல குடும்பம்டா நம்மது" என்பார் மாமனார் அர்மாந்.

விவாகரத்தான வருடம் ரெமி வண்டியை அவரிடம் கொண்டுபோகவில்லை. எந்த முகத்தோடு போவது? அக்டோபர் கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"ஏன்டா வரல?"

"இல்ல மாமா, இனிமே எப்படி..."

"தகராறு உனக்கும் அவளுக்கும். வண்டி என்னடா பண்ணுச்சு?"

அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. அன்றைக்கு அந்தத் தொலைபேசி வராமல் போயிருந்தால் அந்தக் குளிர்காலத்தைத் தான் எப்படிக் கடந்திருப்போம் என்று ரெமிக்கு இப்போதும் தெரியாது. அவ்வளவு கடன்பட்டவன் அவன்.

எண்ணெய் அடித்தால் மட்டும் போதாது, அதன்மேல் தூசி ஒட்டினால்தான் எண்ணெய் நிற்கும் என்பது அர்மாந்தின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஊருக்கு வெளியே ஏழாம் வரிசை என்கிற சரளை ரோட்டுக்குப் போவார்கள். அவர் முன்னால் போய்ப் புழுதியைக் கிளப்புவார். ரெமி ஒட்டிப் பின்னால் போய் அதை வாங்கிக்கொள்வான். தார் ரோடு தொடங்கும் இடத்தில், 'நில்' பலகைக்கு முன்னால் அவர் நிற்பார். ரெமி கண்ணாடியை இறக்கி, "ரொம்ப நன்றி மாமா" என்பான். அவர் கையை வெளியே நீட்டி, சரிதான் போடா என்பதுபோல் ஆட்டுவார்.

எண்ணெய் அடித்த அன்றைக்கே நன்றி சொன்னால் ஏற்கமாட்டார். "தூசி ஒட்டட்டும், அப்புறம் சொல்லு."

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் சொன்னார். புதன்கிழமை காலையில் எழுந்திருக்கவில்லை. நாளை ஞாயிறு. ஆனால் இன்றிரவே பனி என்று வானொலி சொல்லிவிட்டது. ஈரமான ரோட்டில் புழுதி ஏது? இந்த வருட நன்றி சொல்லப்படாமலே நின்றுவிட்டது.

பூசை முடிந்து பெட்டி சவ வண்டியில் ஏறியது. அதன் பின்னால் அனிக்கின் புதுக் கணவனுடைய பளபளக்கிற கார் தயாராக நின்றது. ரெமி தன் இடம் கடைசி என்று ஒதுங்கி நின்றான்.

அர்மாந்தின் மனைவி, அத்தை சொலான்ஜ், படியிறங்கி நேராக அவனிடம் வந்தாள்.

"வண்டியை எடு. சவ வண்டிக்குப் பின்னால நிறுத்து."

"அத்தை, அது குடும்பத்து வண்டிங்க நிக்கிற இடம்."

"அதான் சொல்றேன். எடு."

"அம்மா, நம்ம கார்ல வா" என்று அனிக் கூப்பிட்டாள்.

"உன் வீட்டுக்காரர் மூணு வருஷத்துக்கு ஒரு கார் மாத்துறவர். அவருக்கு எதுக்கு தூசி? நீங்க தார் ரோட்லயே வாங்க." பிறகு சவ வண்டி ஓட்டுநரிடம் திரும்பினாள். "தம்பி, கல்லறைக்கு ஏழாம் வரிசை வழியா போ."

"அது சரளை ரோடும்மா. வண்டியை இப்பதான் கழுவினேன்."

"அவரையும் குளிப்பாட்டித்தான் படுக்க வெச்சிருக்காங்க. அவரே ஒண்ணும் சொல்லல. நீ போ."

அனிக் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, ரெமி வண்டியை நகர்த்தியதும் தரையில் கிடந்த அட்டைகளை எடுத்து மடித்து, பிக்கப்பின் பின்பக்கத்தில் போட்டாள்.

பாலத்தைத் தாண்டியதும் சரளை ரோடு வந்தது. ரெமி மரியாதைக்கு எட்டவே போனான்.

"ஒட்டிப் போடா" என்றாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்த சொலான்ஜ். "எட்டிப் போனா அவருக்குப் பிடிக்காது."

ஒட்டிப் போனான். புழுதி எழுந்து முன்கண்ணாடியை மூடியது. சரளைக் கற்கள் அடியில் படபடத்தன. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. அவன் வைப்பரைப் போடவில்லை. அத்தை மடியில் கையைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தார் ரோடு தொடங்கும் இடத்தில், 'நில்' பலகைக்கு முன்னால் சவ வண்டி நின்றது.

ரெமி கண்ணாடியை இறக்கினான். புழுதி உள்ளே வந்தது. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

சொலான்ஜ் தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கி, கையை வெளியே நீட்டினாள்.