அண்ணத்துச் சாவி

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "ஸ்க்ரூ கொஞ்சம்கூட நகரலையே. வீட்ல திருகினீங்களா, இல்லையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் தவறாமல் திருகியிருக்கிறோம். என் மகள் சிட்டு அண்ணம் பிளந்து பிறந்தவள். கைக்குழந்தையிலேயே தைத்தாயிற்று. ஆனால் வளர வளர மேல்வாய் குறுகி, அதோடு மூக்கின் வழியும் குறுகிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை தூக்கத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லுக்கட்டுகிறாள். பக்கத்தில் படுத்திருக்கும் நான் எப்படிக் கண்ணை மூடுவது?

மேல்வாயை விரிக்கத்தான் உள்ளே பிளேட் ஒட்டி, அதன் நடுவிலிருக்கும் ஸ்க்ரூவைத் திருகச் சின்னச் சாவி கொடுத்தார்கள். வாய் விரிந்தால் மூக்கும் விரியும். அப்புறம் ஈறில் பிளவு விட்டுப்போன பள்ளத்தில் எலும்பு வைத்து அடைப்பார்கள். கோரைப்பல் இறங்குவதற்குள் அதை முடித்தாக வேண்டும். பல்லோ பாதி வழி வந்துவிட்டது.

திருகுவது அவள் அப்பா. வண்டி மெக்கானிக் ஆயிற்றே, இந்த வேலையை யாருக்காவது விட்டுக்கொடுப்பாரா? தன் கை பட்டால் பிள்ளைக்கு வலிக்காது என்று பட்டறை முழுக்கப் பீற்றிக்கொண்டார். நிஜமாகவே வலிக்கவில்லை. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும் என்றார்களே என்று நான் டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனேன்.

செய்துகாட்டுங்கள் என்றார் டாக்டரம்மா. இவர் சிட்டுவின் வாய்க்குள் சாவியை ஸ்க்ரூவின் துளையில் விட்டுத் தொண்டைப் பக்கமாகத் தள்ளினார். அதுவரை சரி. பிறகு ராட்செட் ஸ்பேனரை இழுக்கிற பழக்கத்தில், சாவியை வந்த வழியே முன்னால் இழுத்து எடுத்தார். ராட்செட்டில் அப்படி இழுத்தால் நட்டு அசையாது. இங்கே சாவியோடு ஸ்க்ரூவும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

தினமும் திறந்து, தினமும் மூடியிருக்கிறார்.

அங்கேயே அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். டாக்டரம்மா மழுப்பாமல் சொன்னார்: அடுத்த எக்ஸ்ரேயிலும் இப்படியே இருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும், பல் காத்திருக்காது. தள்ளி முடித்ததும் சாவியைத் தொண்டைப் பக்கமாகவே சாய்த்து எடுக்க வேண்டும், இப்போதே ஒருமுறை திருகுங்கள் என்றார்.

இவர் சாவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு குனிந்ததும் சிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"அப்பாதான் பண்ணணும். அப்பா பண்ணா வலிக்காது."

வேறு வழியில்லாமல் அவரே திருகினார், இந்த முறை சரியாக. சிட்டுவின் உடம்பு தூக்கிப்போட்டது. மூக்கின் நடுவைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சீ, நானும் ஒரு தாயா என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

"அப்பா, என்மேல கோவமா?"

இல்லையென்று தலையாட்டினார். டாக்டரம்மா உள்ளே பார்த்துவிட்டு, நகர்ந்திருக்கிறது, கை பழகிவிட்டது, நாளையிலிருந்து இவரே செய்யட்டும் என்றார்.

கண்ணைத் துடைத்துவிட அவர் கையை நீட்டினார். சிட்டு என் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.