இயக்குநர் கண்டுபிடித்த கால்

இயக்குநர் ஓய்வு பெற ஒரு மாதம்தான் இருந்தது. பணி நீட்டிப்பு வேண்டுமென்றால் அதற்குள் எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும். முப்பது வருடத்தில் நாற்காலியைத் தவிர வேறெதையும் கண்டுபிடிக்காதவர், அவசரத்தில் ஒரு டைனோசரைக் கண்டுபிடித்துவிட்டார்.

அருங்காட்சியகத்தின் பின்கூடத்தில் ஒரு டைனோசர் குடும்பம் நின்றிருந்தது. ஆட்டுக்குட்டி உயரம், இரண்டு கால் நடை, இலை தழைச் சாப்பாடு. யார் வம்புக்கும் போகாத பிராணிகள். நான்கு எலும்புக்கூடுகளில் கடைசியானதன் வலது கீழ்க்கால் எலும்பு மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. "புது இனம்!" என்றார் இயக்குநர். அதற்குத் தன் பெயரையே வைத்தார். அந்தத் துறையில் அது கூச்சப்பட வேண்டிய காரியம். கூச்சம் அவருக்குப் பழக்கமில்லை.

அந்த எலும்பை யாரும் பூமியிலிருந்து தோண்டவில்லை. எலும்பு ஒட்டும் பிரிவில் இருக்கும் 'எலும்பு அக்கா' ஆறு வருடத்துக்கு முன் பிளாஸ்டரில் செய்தது. இல்லாத எலும்பைச் செய்து மாட்டினால், அசல் எது என்று தெரிய, அதற்கு வேறு நிறம் பூச வேண்டும் என்பது தொழில் விதி. "ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே கலர் அடிங்க" என்று அன்று உத்தரவு போட்டவர் இதே இயக்குநர்தான்.

அக்கா போய்ச் சொன்னாள். "சார், அது நான் செஞ்சது. அச்சு கோணலா இருந்துச்சு."

"ஒட்டுற வேலையைப் பாரும்மா. எலும்பு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் சார் நானும் நெனச்சிட்டிருந்தேன்."

"வெளிய போ!"

நீட்டிப்புக்குப் பரிந்துரை எழுத ஒரு நிபுணர் வந்தார், சிரிக்காத அம்மாள். எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குறுக்கா வெட்டினா உள்ள வளர்ச்சி வளையம் தெரியும். வயசு சொல்லிடலாம். வெட்டட்டுமா?"

"தாராளமா மேடம்! ஏம்மா, நீயே வெட்டு."

"யோசிச்சுக்கோங்க சார்," என்றாள் அக்கா.

"வெட்டுன்னா வெட்டு!"

ரம்பம் சிரமமே இல்லாமல் இறங்கியது. வெள்ளைத் தூள் பறந்து இயக்குநரின் கறுப்புக் கோட்டில் படிந்தது. பாதியில் ஒரு கம்பியில் இடித்து ரம்பம் நின்றது.

நிபுணர் குனிந்து பார்த்தார். "உள்ள கம்பி இருக்கே?"

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "ஆமா மேடம். இரும்புச் சத்து அதிகமுள்ள இனம்."

நிபுணர் எழுத எடுத்த பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

இயக்குநர் அக்கா பக்கம் திரும்பினார். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அக்கா ரம்பத்தைத் துடைத்து வைத்தாள். "அடுத்த மாசம் சும்மாதான சார் இருப்பீங்க? வாங்க, எலும்பு செய்யச் சொல்லித் தர்றேன்."