யாரும் மரிக்காத ஆண்டு

சனிக்கிழமை மதியம் பச்சைத் துணியை ஜெபவீட்டு மேசையிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது ஃப்ரீடா அத்தை கேட்டாள். "நாளைக்கு உங்கப்பன் யார் பேரை வாசிக்கப் போறான்?"

துணியின் ஒரு பக்கத்தை நான் பிடித்திருந்தேன், மறுபக்கத்தை அவள். ஐந்து மாதமாக மேசை மேல் கிடந்ததில் பச்சை நடுவில் வெளுத்து, ஏரிக்கரைப் புல் நிறத்துக்கு வந்திருந்தது. பண்டிகை எதுவும் இல்லாத ஞாயிறுகளுக்கெல்லாம் இதே துணிதான். அம்மா தைத்தது. பழைய கூட்டுப்பண்ணை மன்றத்தை மூடியபோது அங்கிருந்த திரைகளை வாங்கிவந்து ஐந்து நிறத்தில் சாயம் போட்டாள். அளவெடுக்காமல் வெட்டியதால் எல்லாமே மேசையைவிட நீளமாகப் போய்விட்டன. விரிக்கவும் மடிக்கவும் இரண்டு பேர் வேண்டும். ஓரம் தரையில் படக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அவள் இங்கே இருந்தவரை மறுமுனை அவளுடையதாக இருந்தது.

அத்தையே எண்ணிப் பார்த்துக்கொண்டாள். கடந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலத்திலிருந்து இன்றுவரை எங்கள் சபையில் ஒருவரும் சாகவில்லை. நாளை மரித்தோர் ஞாயிறு, திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறு. அப்பா பிரசங்கத்தை முடித்துவிட்டு அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். சபையார் "கர்த்தரின் கையில்" என்பார்கள். நான் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மணல் தட்டில் நடுவேன். நான் சின்னவளாக இருந்தபோது தட்டு போதாமல் சலவைத் தொட்டியில் மணல் நிரப்பிய ஆண்டுகளும் உண்டு.

"சாகறதுக்கும் ஆள் வேணுமில்ல," என்றாள் அத்தை. "எல்லாரும்தான் பூர்வீகம்னு ஜெர்மனிக்குப் போயாச்சே. மீதி இருக்கிற நாங்க மூணு பேரும் பிடிவாதக்காரங்க." பிறகு மடித்த துணியை என் கையில் வைத்துவிட்டு, போனவர்களின் பெயரையாவது அவன் வாசிக்கட்டும் என்றாள். பெயர் இல்லாமல் மரித்தோர் ஞாயிறு எப்படி முடியும், அது முடியாமல் வருகைக் காலம் எப்படித் தொடங்கும் என்று கேட்டாள்.

அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்த ஓல்கா க்ரோம் வாளியை டங்கென்று வைத்தாள். தன் மகன் விக்டர் ஹாம்பர்கில் லாரி ஓட்டுகிறான், போன வாரம்தான் பேசினான், உயிரோடு இருக்கிறவனை மணல் தட்டில் நட்டால் தான் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப வரவும் மாட்டேன் என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். அவளும் போய்விட்டால் சபையில் மிஞ்சுவது ஃப்ரீடா அத்தையும் காது கேட்காத வைமர் தாத்தாவும் நானும்தான்.

நான்கூட இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை நகரத்துக்குப் போகும் பேருந்தில் நான் ஏற வேண்டும். அங்கிருந்து அம்மா இருக்கும் ஜெர்மனிக்கு விமானம். அம்மா எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டாள். "அப்பாகிட்ட நீயே சொல்லிடு இர்மா. நான் சொன்னா சண்டையாயிடும்" என்றிருந்தாள். அவள் தொலைபேசியில் அதைச் சொன்னது நாங்கள் இங்கே தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிய நாட்களில். இப்போது தோட்டத்தின் மேல் முழங்கால் அளவு பனி. நான் இன்னும் சொல்லவில்லை.

அம்மா போனது இரண்டு ஆண்டுகளுக்கு முன், உயிர்த்தெழுந்த ஞாயிறு கழிந்து. அதற்கு முன்பே பல ஆண்டுகளாக அவள் கிளம்பலாம் என்பாள், அப்பா இந்த ஆண்டு முடியட்டும் என்பார். நவம்பரில் ஆண்டு முடியும். அடுத்த ஞாயிறே வருகைக் காலம் வந்துவிடும். வருகைக் காலத்தைப் பாதியில் விட்டுவிட்டு எந்தப் பிரசங்கியார் போவார்? பிறகு கிறிஸ்துமஸ், பிறகு லெந்து என்னும் நோன்பு நாட்கள். பெரிய வெள்ளியன்று எந்தத் துணியும் இல்லாத வெறும் பலகை முன் நின்று, தலை நிமிராமல் பேசுவார். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் பனியில் நின்று, அவர் உயிர்த்தெழுந்தார் என்று உரக்கச் சொல்வார். பெந்தெகொஸ்தே பண்டிகைக்குச் சிவப்புத் துணியும் பிர்ச் மரக் கிளைகளும். அதற்குப் பிறகு வரும் பச்சை ஞாயிறுகளை அவர் மற்ற எல்லாவற்றையும்விட மதித்தார். ஊரே புல்லறுக்கப் போயிருக்கும். ஃப்ரீடா அத்தையும் ஈக்களும் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பண்டிகைக்கு யார் வேண்டுமானாலும் பிரசங்கம் பண்ணிவிடலாம், ஒன்றும் நடக்காத ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் விசுவாசம் வேண்டும் என்பார். "உன் வருஷத்துக்கு முடிவே கிடையாது ஆர்னோல்ட். அது வட்டமா இருக்கு" என்று அம்மா ஒருநாள் சொன்னாள். அதற்குப் பின் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பெட்டியை மட்டும் எடுத்தாள்.

சாயங்காலம் அப்பாவுக்கு சூப் கொண்டுபோனேன். அவர் பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் கரி தள்ளுகிறார். எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்ட பள்ளிக்கூடம் அது. கரும்பலகைக்கு முன் கூப்பிட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதில் தெரிந்திருக்கும், சத்தம் வராது. ஒருநாள் மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை. இப்போதும் முன்வாசல் வழியாகப் போகமாட்டேன். பின்பக்கம் கரிக்குவியலைச் சுற்றிப் போனேன். அங்கே கூட்டிப் பெருக்கும் சவுலே அக்கா சுவரில் முதுகைச் சாய்த்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தாள்.

"உள்ள போகாத. உங்கப்பன் நெருப்புக்குப் பிரசங்கம் பண்றான்," என்றாள். "முப்பது வருஷமா பண்றான். அது இன்னும் ஞானஸ்நானம் வாங்கல."

நான் சிரித்தேன். அவள் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். ஃப்ரீடா அத்தை சொன்னது அதற்குள் அவள் காதுக்கும் வந்துவிட்டிருந்தது. எங்கள் ஊரில் செய்திக்குப் பேருந்து தேவையில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் முஸ்லிம் வழக்கப்படி எண்ணெயில் ரொட்டி சுட்டு, தன் மனிதர்களில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாள். எங்களுக்கும் வரும்.

"செத்தவங்களுக்கு என்ன சுடணும்னு எங்களுக்குத் தெரியும்," என்றாள். "என் மவன் கொரியாவுல இருக்கான். அவனுக்கு என்ன சுடறதுன்னு யாரும் சொல்லித் தரல, புள்ள."

உள்ளே அப்பா என்னைக் கவனிக்கவில்லை. உலைக்கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு வாரமும் இங்கேதான் அவருடைய பிரசங்கம் உருவாகும். எதையும் எழுதி வைக்கமாட்டார். சொல்லிப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் ஒரு மண்வாரி கரியைத் தள்ளிவிட்டு மறுபடி சொல்வார். இன்று வெறும் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆலைத் தெருவின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கி வரிசையாக வந்தார். ஷ்முங்க் வீடு, பாவ்ல் வீடு, இப்போது கூரை இல்லாத ரைனர் வீடு. குழந்தைகளின் பெயர்களையும் விடவில்லை. தெருமுனை திரும்பி எங்கள் வேலிக்கு வந்ததும் நின்றுவிட்டார். மண்வாரியைத் தரையில் ஊன்றிக்கொண்டு தீயைப் பார்த்தார். பிறகு மறுபடி ஆலைத் தெருவுக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அதே வேலியில் நின்றார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் கதவைத் தாண்டி வந்தேன். சூப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். அவர் திரும்பினார்.

"பச்சையை மடிச்சாச்சா?"

"ஆச்சுப்பா."

"ஓரம் தரையில படலியே?"

"படல."

சூப்பைக் குடித்தார். அவர் கண்ணிமைகளில் கரித்தூள் மை தீட்டியதுபோல் இருந்தது. வெந்நீர்க் குழாயின் மேல் என் கம்பளிப் பூட்ஸ் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் புதுத் தோல் வைத்துத் தைத்திருந்தார். போட்டுப் பார் என்றார். பொருத்தமாக இருந்தது. குளிர்காலம் வருகிறது, அதனால் செய்திருக்கிறார் என்று எண்ணினேன். பனியில் வீடு திரும்பும்போது அந்தத் தோல் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.

ஞாயிறு காலை வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் அப்பா நின்றார். முன் பெஞ்சில் ஃப்ரீடா அத்தை, அவளுக்கு ஓர் ஆள் தள்ளி வைமர் தாத்தா, அடுப்பருகே ஓல்கா, கோட்டைக் கழற்றாமல். மணல் தட்டு வெறுமையாக இருந்தது. நான் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்யச் சொல்வார் என்று தெரியவில்லை.

மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளைப் பற்றிப் பேசினார். ஒவ்வோர் ஆண்டும் இந்த ஞாயிறுக்கு அதுதான். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்து, கதவடைத்த பின் வெளியே நின்ற ஐந்து பேரைக் கடிந்துதான் எல்லாரும் பிரசங்கம் பண்ணுகிறோம், நானும் பண்ணியிருக்கிறேன் என்றார். உள்ளே போன ஐந்து பேருக்கும் கல்யாணச் சாப்பாடு தொண்டையில் இறங்கியிருக்குமா என்று இந்த வாரம்தான் யோசித்தேன் என்றார். கதவுக்கு எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று எனக்கு இப்போதெல்லாம் சரியாகத் தெரிவதில்லை என்றும் சொன்னார். அடுப்பில் கரி சரிந்தது.

"இந்த ஆண்டு நம்ம சபையில யாரும் மரிக்கல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிரிஞ்சு போனவங்களுக்குன்னு பெரியவங்க ஒரு ஞாயிறையும் குறிச்சு வைக்கல. அவங்க காலத்துல அதுக்குத் தேவை வரல. இன்னிக்கு நான் பேரைச் சொல்றேன். மெழுகுவர்த்தி வேண்டாம், இர்மா."

யாக்கோப் ஷ்முங்க் என்றார்.

யாருக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வைமர் தாத்தா மட்டும் அப்பாவின் வாயசைவைப் பார்த்துப் பழக்கப்பட்டவர். பெயர் முடிந்து வாய் மூடியதும் உரத்த குரலில், "கர்த்தரின் கையில்," என்றார்.

ஓல்கா சடாரென்று திரும்பினாள். "யோவ், அவன் இப்ப உருளைக்கிழங்கு தின்னுட்டிருப்பான்யா." தாத்தாவுக்குக் கேட்கவில்லை. ஃப்ரீடா அத்தை எட்டி அவர் முழங்காலைத் தட்டி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அவர் குழம்பிப்போய் அடங்கினார்.

அப்பா நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், பதில் வரும் அளவுக்குக் காத்திருந்தார். மௌனம்தான் வந்தது. விக்டர் க்ரோம் என்றபோது ஓல்கா எழுந்துவிட்டாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். கதவுவரை போனாள். அங்கிருந்து திரும்பி, கோபத்தோடுதான் சொன்னாள்.

"அவன் நல்லா இருக்கான்."

அப்பா தலையசைத்தார். அதுதான் சரியான பதில் என்பதுபோல் இருந்தது. ஓல்கா கதவருகிலேயே நின்றுகொண்டாள். அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் யாராவது பதில் சொன்னார்கள். "நல்லா இருக்கா. இரட்டைப் புள்ளைங்க." "நல்லா இருக்கான், முட்டிதான் வலியாம்." சில பெயர்களுக்கு ஃப்ரீடா அத்தை, "தெரியல," என்றாள். கடைசித் தெருவுக்கு வரும்போது தெரியல என்பதே அதிகமாகியிருந்தது. அவள் அதைச் சொல்லும் குரல் ஒவ்வொரு முறையும் சிறிதாகிக்கொண்டே போனது.

எங்கள் வேலி வந்தது. அப்பா மேசையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டார்.

"லீனா கெர்லிட்ஸ்." அம்மா.

அத்தைக்குத் தெரியும், ஓல்காவுக்கும் தெரியும். ஆனால் இருவரும் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். என் தொண்டை பழையபடி அடைத்துக்கொண்டது. தீப்பெட்டி உள்ளங்கை வியர்வையில் நனைந்து நெகிழ்ந்திருந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி காத்திருந்தார். எந்தப் பெயருக்கும் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

"நல்லா இருக்காங்க," என்றேன். எனக்கே பாதிதான் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். தோள்கள் கொஞ்சம் இறங்கின.

முடிந்துவிட்டது என்று அத்தை பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அப்பா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். பிறகு, கிறிஸ்துமஸ் அன்று பரிசு கொடுக்கப் பிள்ளைகளின் பெயரை வாசிப்பதுபோல் தெளிவாகச் சொன்னார்.

"இர்மா கெர்லிட்ஸ்."

நான் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். காலில் அவர் தைத்த பூட்ஸ் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேன். ஓல்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஃப்ரீடா அத்தை புத்தகத்தைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. நல்லா இருக்கா என்று யாரும் சொல்லவில்லை. தெரியல என்றும் சொல்லவில்லை. அப்பா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். அந்த மூடிய வாயைப் பார்த்து, இவ்வளவு நேரம் அடங்கியிருந்த வைமர் தாத்தா தன் கடமையைச் செய்தார்.

"கர்த்தரின் கையில்."

இந்த முறை யாரும் அவரைத் தட்டவில்லை.

ஆராதனை முடிந்ததும் அத்தையை அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். போன வாரம் தன்னோடு தொலைபேசியில் பேசியபோது அம்மா என் பயணத்தைச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அதை யார் அப்பாவிடம் சொன்னது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஜெபவீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சாம்பல் கொட்டத்தான் இன்னும் இருக்கிறார் என்று நினைத்து, ஜன்னல் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை விரலால் சுரண்டிவிட்டுப் பார்த்தேன்.

வெள்ளைத் துணி பெஞ்சில் கிடந்தது. அதை எடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வருகைக் காலத்து ஊதாத் துணியை அப்பா தனியாக விரித்துக்கொண்டிருந்தார். நடுவைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் முடிந்தவரை அகட்டி, மேசையை நோக்கிக் குனிந்தார். இடது ஓரம் நழுவித் தரைக்கு ஒரு விரல் உயரத்தில் ஆடியது. பட்டென்று நிமிர்ந்தார். துணியை முழுவதும் சுருட்டி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடுகள் அசைந்தன. பிறகு மறுபடி தாடைக்குக் கீழே நடுவை வைத்து, மெதுவாகக் கைகளை விரித்தார்.